சும்மா இருக்கச் சொல்லாதீர்கள்

குருசுக்குப்பத்தில் ஆகட்டும், வேறெந்த ஊரில் ஆகட்டும், மனநோய் தெளிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவனை நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கட்டிலில் உட்கார வைத்து, "நீ ஒன்றும் செய்யவேண்டாமப்பா, சும்மா இரு!" என்கிறார்கள். அன்புதான். அதைப்போல் கொடுமை வேறில்லை என்பேன்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது 28 மனநோயாளிகள் மாண்டார்கள். சங்கிலி அவர்களை ஓடவிடவில்லை. நாடே பதறிற்று. 2017-இல் வந்த மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. கட்டிலை எந்தச் சட்டம் தடை செய்யும்?

சிகாகோவில் ஆபிரகாம் லோ என்ற டாக்டர், சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களைச் சேர்த்து 1937-இல் ஒரு சங்கம் தொடங்கினார். அவர் சொல்லிக் கொடுத்தது பெரிய வேதாந்தமல்ல. மனம் கேட்காவிட்டாலும் கைகால் கேட்கும், அவற்றை ஏவு. ஜெயித்தாலும் தோற்றாலும், முயன்றதற்காக உன்னை நீயே மெச்சிக்கொள்.

மாத்திரை வேண்டாமென்று நான் சொல்வதாக யாரும் திரிக்கவேண்டாம். அதை விழுங்க அரை நிமிஷம். மிச்சப் பொழுதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவனை நாளைக்கே படகேறச் சொல்லவில்லை. விடியலில் எழுந்து பாயைச் சுருட்டட்டும். ஒரு குடம் தண்ணீர் பிடிக்கட்டும். கிழிந்த வலையில் நாலு கண்ணி பின்னட்டும். கோணலாய்ப் பின்னினால் பின்னட்டுமே! பக்கத்திலிருக்கும் பெரியவர்கள் அதைப் பிடுங்கிச் சரிசெய்யாமலிருந்தால் போதும்.

பெண்ணானால் கதையே வேறு. அவளை யாரும் சும்மா இருக்கச் சொல்வதில்லை. வந்த மறுநாளே அடுப்படி முழுவதும் அவள் தலையில். குழம்பில் உப்பு மறந்துவிட்டால், "பழையபடி ஆரம்பித்துவிட்டது!" மாமியார் மறந்தால் மட்டும் அது மறதியாம்.