வயது போய்விட்டதாம்!

நமது மக்களிடத்தில் ஒரு விசித்திரமான அபிப்பிராயம் இருந்து வருகின்றது. ஒருவன் நாற்பத்தைந்து வயதில் கடன் வாங்கலாம், கோர்ட்டு ஏறி வியாஜ்ஜியம் ஆடலாம், காவடிகூட எடுக்கலாம். "வயது போய்விட்டதே" என்று யாரும் தடுப்பதில்லை. ஆனால் அதே மனிதன் புதிதாக ஒரு வித்தை கற்கப் போகிறேன் என்றால் மட்டும் ஊரே கூடிச் சிரிக்கின்றது. சென்ற ஆண்டு மோர்சிங் கற்கத் தொடங்கியதில் இந்தச் சிரிப்பு எனக்கும் கிடைத்தது. ஆகவே அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுகிறேன்.

மோர்சிங் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்பு வாத்தியம். ஒரு வளையம், அதிலிருந்து நீளும் இரண்டு கம்பிகள், அவற்றின் நடுவே ஓர் உலோக நாக்கு, அவ்வளவுதான். கம்பிகளை முன்பற்களில் பொருத்தி, பற்களைச் சற்றே திறந்து வைத்து, அந்த நாக்கின் வளைந்த நுனியை விரலால் சுண்டினால் சப்தம் பிறக்கும். அதன் சுருதி ஒன்றுதான். மெழுகு ஒட்டினால் சற்று இறங்கும். அப்படியானால் அத்தனை விதமான நாதமும் எங்கிருந்து வருகின்றது? வாசிப்பவன் வாயிலிருந்துதான். "தகதிமி", "தகிட" என்ற சொற்களைச் சத்தமில்லாமல் நாக்கால் சொல்லிக்கொண்டே சுண்ட வேண்டும். "ஆ" என்பதற்கும் "ஈ" என்பதற்கும் நம் வாய் எப்படி உருமாறுகின்றதோ, அதே வேலைதான் இதுவும். பாதி வாத்தியம் கடையில் இருக்கின்றது. மீதிப் பாதி பேசத் தெரிந்த எல்லோர் முகத்திலும் இருக்கின்றது.

இதைக் கற்க முதலில் ஒரு வித்வானிடம் போனேன். அவர் என் காதைச் சோதிக்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. வயதைக் கேட்டார். "உங்கள் வம்சத்தில் யாராவது வாசித்ததுண்டா?" என்று கேட்டார். கடைசியில், "இது பூர்வஜென்ம வாசனை, ஐந்து வயதில் விஜயதசமியன்று ஆரம்பித்திருக்க வேண்டும்" என்று முடித்துவிட்டார். "அய்யா, நாக்கு இந்த ஜென்மத்ததுதானே!" என்று சொல்லித் திரும்பினேன்.

பிறகு என் வயதில் பாதிகூட ஆகாத ஒரு தம்பி சொல்லிக்கொடுக்க இசைந்தார். முதல் மாதம் பல் கூசிற்று; உதடு கிழிந்தது; வாயில் எச்சில் வழிந்தது. "வீட்டுக்குள் தவளை புகுந்துவிட்டது" என்றாள் என் மனைவி. "பல்லை இறுக்காதீங்க அய்யா" என்று தம்பி நூறு தடவை சொன்னார். மூன்றாம் மாதம் ஒருநாள் "தகதிமி" தெளிவாக விழுந்தது. அன்று எந்தக் காளியும் வந்து என் நாக்கில் எழுதிவிட்டுப் போகவில்லை. தினம் அரைமணி நேரம் விடாமல் சுண்டியதுதான் எழுதிற்று.

நிற்க, வம்சம் என்கிறார்களே, இந்த வாத்தியத்திற்கு எது வம்சம்? சீனாவில் ஷிமாவ் என்னுமிடத்தில் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முந்திய, எலும்பால் செய்த இவ்வினத்து வாத்தியங்கள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. ராஜஸ்தானத்தில் இதை மோர்ச்சாங் என்கிறார்கள். சைபீரியாவின் யாகூத்து மக்கள் கோமுஸ் என்கிறார்கள். பீத்தோவனுக்குப் பாடம் சொன்ன ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர், 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்கென்று இசைக்கோவைகள் எழுதினார். இத்தனை பேருக்கும் பூர்வஜென்ம வாசனையைப் பங்கிட்டுக் கொடுத்தவர் யார்?

வயது என்கிறார்களே, அதையும் பார்ப்போம். ஜெர்மனியில் சில விஞ்ஞானிகள், வளர்ந்தவர்களுக்குப் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழக்கி, முன்னும் பின்னும் மூளையைப் படம் பிடித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். மூளையின் சில பகுதிகள் பருத்திருந்தன. பயிற்சியை விட்டதும் அது குறைந்தது. வளர்ந்தவன் மூளையும் பயிற்சிக்கு இசைந்து மாறுகின்றது என்பதுதானே இதன் பொருள்!

நான் கச்சேரி செய்யப் போவதில்லை. சிறுபிள்ளைக்குச் சில விஷயம் சீக்கிரம் வரும் என்பதையும் மறுக்கவில்லை. எனக்கு மெதுவாக வருகின்றது, ஆனால் வருகின்றது. மெதுவாக வருவதை "வராது" என்று சொல்லுவதுதான் புரட்டு.

மோர்சிங்கோடு போனால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். கைநாட்டு வைக்கும் பெரியவரை எழுத்துப் படிக்கக் கூப்பிட்டால், "இனிமேல் எனக்கெதற்கு?" என்கிறார். சைக்கிள் பழகலாமே என்றால், "பேரன் எடுத்த பிறகா?" என்று வெட்கப்படுகிறாள் ஒரு தாய். தலையெழுத்து என்று சொல்லி மக்களை உட்கார வைத்தவர்கள் போட்ட பூட்டு ஒன்று. வயது என்று சொல்லி நாமே போட்டுக்கொண்ட பூட்டு மற்றொன்று. இரண்டாவதற்குச் சாவி நம் கையிலேயே இருக்கின்றது.

ஆகவே தோழர்களே, தப்பாக வாசிக்க வெட்கப்படாதீர்கள். தப்பாக எழுத வெட்கப்படாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, வயதில் சிறியவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுகிறவனுக்கு எந்த வயதிலும் மானம் போகாது. நல்ல நாள் பார்க்க வேண்டாம், இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அது சிரித்து முடிப்பதற்குள் நீங்கள் முதல் பாடத்தை முடித்துவிடலாம்.