மருந்தடித்தால் மலை வாழை பிழைக்குமா?

பழநி பஞ்சாமிர்தம் நாள்பட்டும் கெடாமல் இருப்பதற்குச் சர்க்கரையும் தேனும் மட்டும் காரணமில்லை. அதில் பிசையப்படும் விருப்பாச்சி வாழைப்பழத்தில் இயல்பாகவே ஈரம் குறைவு. பழநி மலைத்தொடரின் கீழ்மலையிலும் சிறுமலையிலும் விளையும், விருப்பாச்சி உள்ளிட்ட மலை வாழை 1970களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் நின்றது. பிறகு சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. விருப்பாச்சிக்கும் சிறுமலைப் பழத்துக்கும் அதற்கு முன்பே வாங்கியாயிற்று. பெயருக்குக் காவல் போட்ட அளவுக்கு மரத்துக்குப் போடவில்லை.

மரத்தை அழித்ததில் பெரும்பங்கு முடிக்கொத்து நோய்க்கு உண்டு. இலைக் காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீறல்கள் முதலில் தெரியும். அடுத்தடுத்து வரும் இலைகள் குறுகி, விளிம்பு மஞ்சளாகி, விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். கடைசியில் உச்சியில் குடுமி முடிந்ததுபோல ஒரு கொத்துதான் மிஞ்சும். கன்றிலேயே நோய் கண்ட வாழை தார் தள்ளாது. வைரஸ் தாக்கிய மரத்தைக் குணமாக்க மருந்து கிடையாது.

அந்த வைரஸைத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமந்து போவது வாழை அசுவினி. ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். பழுப்பு கலந்த கறுப்பு. மட்டைகளின் இடுக்கிலும், விரியாத குருத்திலும், மண்ணை ஒட்டிய அடித்தண்டிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். கூட்டத்தில் இருப்பவை எல்லாம் பெண்கள். ஆண் துணையில்லாமல், முட்டையும் இடாமல், நேராகக் குஞ்சு ஈனும். அந்தக் குஞ்சும் இரண்டு வாரத்துக்குள் ஈனத் தொடங்கிவிடும். இடம் நெருக்கடியானால் இறக்கை முளைத்தவை பிறந்து அடுத்த மரத்துக்குப் பறக்கும். நோயுற்ற மரத்தில் சில மணி நேரம் சாறு குடித்தாலே வைரஸ் உடம்புக்குள் ஏறிவிடும், பெரும்பாலும் சாகும்வரை அங்கேயே இருக்கும். கழிவாக வெளியேறும் இனிப்பு நீருக்காக எறும்புகள் இவற்றைப் பொறிவண்டிடமிருந்து காவல் காக்கின்றன. ஆகவே அடித்தண்டில் எறும்புச் சாரை ஏறுவதைக் கண்டால் மட்டையை விலக்கிப் பார்ப்பது நல்லது.

 

இத்தனையும் தெரிந்த பிறகும், அசுவினி என்றதும் கை ஸ்ப்ரேயரைத்தான் தேடுகிறது. மருந்தடிப்பது வீண் என்று யாரும் சொல்லவில்லை. குருத்திலும் அடித்தண்டிலும் படும்படி அடித்தால் பூச்சி குறையும். ஆனால் சிக்கல் பூச்சியின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. நோயில்லாத மரத்தில் நூறு அசுவினி இருந்தாலும் பெரிய சேதமில்லை. வைரஸ் ஏறிய ஒன்று பறந்து வந்தால் போதும், ஒரு மரம் போய்விடும். மட்டை இடுக்குக்குள் இருப்பதை மருந்து எளிதில் எட்டாது. கண்டபடி அடித்தால் பொறிவண்டு முதலில் சாகும். தன் தோட்டத்தில் தவறாமல் அடிப்பவர்கூட, மேல்சரிவில் கேட்பாரற்று நிற்கும் நோய் மரங்களுக்கு என்ன செய்ய முடியும்?

இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியா சந்தித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிஜித் தீவுகளில் தலைகாட்டிய நோய், கன்றுகளோடு கப்பலேறி நியூ சவுத் வேல்ஸின் வடபகுதிக்கு வந்து சேர்ந்தது. 1920களின் நடுவில், நோய் தாக்கிய வட்டாரங்களில் வாழைத் தொழில் அநேகமாகப் படுத்துவிட்டது. மண் கெட்டுவிட்டதா, வேரில் நோயா என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சார்லஸ் மேகி என்ற இளம் ஆய்வாளர் அசுவினிகளை நோய் மரத்தில் மேயவிட்டு, நல்ல கன்றுக்கு மாற்றி, பூச்சிதான் தூது போகிறது என்று நிரூபித்தார். வைரஸ் துகளை ஆய்வகத்தில் பிரித்தெடுக்க 1990 வாக்கில்தான் முடிந்தது. கண்ணால் காணாத எதிரிக்கு 1920களிலேயே வழி கண்டுபிடித்தார் அந்த மனிதர்.

அவர் சொன்ன வழியில் பூச்சி மருந்துக்கு இடம் சிறிதுதான். நோய் மரத்தைக் கண்டவுடன் அதிலுள்ள அசுவினியைக் கொன்று, பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். நோயில்லாத தோட்டத்துக் கன்றை மட்டுமே நட வேண்டும். இரண்டையும் சட்டமாக்கினார்கள், தோட்டம் தோட்டமாக ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். மனம் வராத உரிமையாளருக்கும் விதிவிலக்கு இல்லை. தொழில் மீண்டு எழுந்தது. அசுவினி இன்றும் அங்கே இருக்கிறது, நோயும் அடியோடு ஒழியவில்லை, ஆனால் அடங்கிக் கிடக்கிறது.

இலங்கையில் 1913இல் பதிவான முடிக்கொத்து நோய், 1940 வாக்கில் கேரளத்துக்குள் நுழைந்தது. பிறகு தமிழக மலைகளுக்கும் வந்து சேர்ந்தது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரத்தில் மலை வாழை தனிப்பயிர் அல்ல. காப்பிக்கு நிழலாக, மிளகுக்கும் ஆரஞ்சுக்கும் துணையாக, ஒரு முறை நட்டால் பல ஆண்டு பக்கக்கன்று விட்டு நிற்பது. அந்த நீண்ட ஆயுளே வினையாயிற்று. தாய் மரத்துக்கு நோய் வந்தால் பக்கக்கன்றுகளுக்கும் அது போகும். பார்வைக்குத் தெளிவாக இருக்கிறதே என்று அந்தக் கன்றைப் பெயர்த்து உறவினர் தோட்டத்துக்குக் கொடுத்தால், நோயையும் சேர்த்துக் கொடுத்ததாகும்.

அரசும் விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் வைரஸ் நீக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளை உருவாக்கி மலைக்கு அனுப்பின. நல்ல வேலைதான். ஆனால் திசு வளர்ப்புக் கன்று நோயில்லாதது மட்டுமே, நோயை எதிர்க்கும் கன்று அல்ல. சுற்றிலும் நோய் மரங்களை வைத்துக்கொண்டு நடுவில் சுத்தமான கன்றை நட்டால், அசுவினிக்குப் புதுப் பந்தி விரித்த கணக்கு. கன்றுக்குக் கிடைக்கும் மானியத்தோடு, வெட்டி எறியும் நோய் மரத்துக்கும் காசு வேண்டும்.

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வந்தால் நோய் கண்ட பண்ணையைச் சுற்றியுள்ள வாத்துகளையும் கோழிகளையும் அழிக்கிறார்கள், உரிமையாளருக்கு அரசு இழப்பீடு தருகிறது. காசு இல்லையென்றால் பண்ணைக்காரர் நோயை மறைப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். வாழை விவசாயியும் மனிதர்தான். அரைகுறையாக நோய் கண்ட மரம் ஒரு சின்னத் தாராவது தராதா என்று காத்திருக்கிறார். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேடு. நஷ்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு, ஊருக்காக வெட்டு என்று உபதேசிப்பதில் நியாயம் இல்லை.

நல்ல மரத்தையும் வெட்டிக் காசு வாங்குவார்கள் என்று அதிகாரிகள் தரப்பில் ஆட்சேபம் எழலாம். காம்பில் ஓடும் கரும்பச்சைக் கீறலைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு ஒரு நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் இலை மாதிரியைச் சோதித்துப் பார்க்க ஆய்வகங்கள் இருக்கின்றன. கேட்பாரற்ற தோட்டங்கள்தான் உண்மையான தலைவலி. வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, கெடு முடிந்ததும் உள்ளே நுழைந்து வெட்ட ஊராட்சிக்கோ தோட்டக்கலைத் துறைக்கோ அதிகாரம் வேண்டும்.

எல்லா மலைகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கத் தேவையில்லை. கீழ்மலையில் நடவுக் காலம் ஏப்ரல், மே. அதற்கு முன்னால், கோடைத் தொடக்கத்தில், ஒரே ஒரு சரிவை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள நோய் மரம் அத்தனையையும் விலை கொடுத்து அகற்றி, கிழங்கு மறுபடி துளிர்க்கிறதா என்று சில வாரம் கண்காணித்து, பிறகு திசு வளர்ப்புக் கன்றை இறக்கலாம். முதல் வரிசைக் கன்றுகளை வாரம் ஒருமுறை பார்த்துவரத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருக்கிறது.