இணையச் சந்தையில் சேகரிப்புப் பொருள் விற்பனை: பொருள் சொந்தம், முத்திரை யாருக்குச் சொந்தம்?

பாறசாலை: பரணில் கிடந்த பழைய திரைப்படச் சுவரொட்டி, தாத்தா காலத்து ரவிவர்மா அச்சுப்படம், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பொம்மை கார், பலராமபுரம் கைத்தறிச் சேலை. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லைக் கிராமங்களில் உள்ள ஒரு குடும்பத்தில் இந்த நான்கும் இருப்பது வியப்பில்லை. நான்கையும் கைபேசியில் படமெடுத்து இணையச் சந்தையில் விற்பனைக்கு வைக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் சட்டம் இந்த நான்கையும் ஒரே கண்ணோட்டத்தில் பார்ப்பதில்லை.

பொருளின் மீதான உரிமை வேறு, அப்பொருளில் உள்ள ஓவியம், பெயர், முத்திரை ஆகியவற்றின் மீதான உரிமை வேறு என்பதே இந்திய அறிவுசார் சொத்துச் சட்டங்களின் அடிப்படை. இதை அறியாத சிறு விற்பனையாளர் இருவகையில் பாதிக்கப்படுகிறார். செய்யக்கூடாததைச் செய்து வழக்கில் சிக்குவது ஒன்று. செய்யத்தக்கதையும் அச்சத்தால் கைவிடுவது மற்றொன்று.

நான்கு பொருள், நான்கு விடை

சட்டப்படி அச்சிடப்பட்டுப் புழக்கத்துக்கு வந்த சுவரொட்டியை அதன் உரிமையாளர் மறுவிற்பனை செய்யலாம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படிகளைக் கைமாற்றுவதை 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, ஓவியம் போன்ற கலைப்படைப்புகளைப் பொறுத்தவரை, தடுக்கவில்லை. ஆனால் அதே சுவரொட்டியை ஸ்கேன் செய்து புதிய படிகளாக அச்சிட்டு விற்றால் அது உரிமை மீறல். படைத்தவரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கிறது.

ரவிவர்மா படங்களுக்கு இந்தத் தடை இல்லை. திருவனந்தபுரம் மாவட்டம் கிளிமானூரில் பிறந்த அவர் 1906-இல் காலமானார். அவருடைய ஓவியங்களின் பதிப்புரிமைக் காலம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எனவே பழைய அச்சுப்படத்தை விற்பதோடு, அந்த ஓவியத்தைப் புதிதாக அச்சிட்டு விற்கவும் தடையில்லை. புதிய அச்சைப் பழைய அச்சு எனக் கூறி விற்றால் மட்டும் அது வாங்குபவரை ஏமாற்றும் செயலாகும்.

பொம்மை கார் வர்த்தக முத்திரை சார்ந்தது. முறைப்படி வாங்கிய அசல் பொருளை மறுவிற்பனை செய்வதற்கு 1999-ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு இடமளிக்கிறது. பொருளின் நிலை மாற்றப்பட்டிருந்தாலோ பழுதுபட்டிருந்தாலோ முத்திரை உரிமையாளர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வெளிநாட்டில் விற்கப்பட்ட அசல் பொருளை இங்கு கொண்டுவந்து விற்பதற்கும் இக்கொள்கை பொருந்தும் என சாம்சங் நிறுவனம் தொடர்ந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2012-இல் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் உத்தரவாதம் அப்பொருளுக்கு இல்லை என்பதை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதே காரைப் போல வேறொன்றைச் செய்து, அதே பெயரில் விற்பதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பிரபலங்களின் உருவமும் இவ்வாறே. பாடகர் தலேர் மெஹந்தியின் சாயலில் பொம்மைகள் விற்ற கடைக்கு 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நடிகர் ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய திரைப்படத்துக்கு எதிராக 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நடிகர் முகம் பதித்த புதிய சாவிக்கொத்தும் குவளையும் விற்பவர்கள் இவ்விரு தீர்ப்புகளையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கைத்தறிக்கு அதே சட்டம் அரண்

நான்காவது பொருளான பலராமபுரம் சேலையில் நிலைமை தலைகீழாகிறது. இங்கு எல்லைக் கிராமத்தினரே உரிமையாளர்கள். நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள பலராமபுரத்தின் சேலைகளும் மென்பருத்தித் துணிகளும் புவிசார் குறியீடு பெற்றவை. திருவிதாங்கூர் மன்னர் பலராமவர்மாவின் காலத்தில், இன்றைய தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் நெசவாளர்களே இத்தொழிலுக்கு வித்திட்டனர்.

1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. புவிசார் குறியீடும் குறிப்பிட்ட நிலப்பரப்போடு பிணைந்தது. ஆகவே ஒரே மரபில் வந்த நெசவாளராயினும், வரையறுக்கப்பட்ட பகுதிக்கு வெளியே நெய்த துணியைப் பலராமபுரம் சேலை என விற்க முடியாது. நாகர்கோவில் கோயில் நகைகளுக்கான குறியீடு எல்லையின் மறுபுறத்தில் இதேபோன்ற பாதுகாப்பைத் தருகிறது.

விசைத்தறித் துணியைப் பலராமபுரம் கைத்தறி என இணையத்தில் விற்பது குற்றம். பொய்யான புவிசார் குறியீட்டைப் பயன்படுத்துவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 1999-ஆம் ஆண்டு சட்டம் வகை செய்கிறது. வர்த்தக முத்திரை, பதிப்புரிமைக் குற்றங்களுக்கும் தண்டனை அளவு இதுவே. அசல் சேலையை வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்வதற்குத் தடையில்லை.

புகார் ஒன்று, விளைவு பல

சட்டம் இவ்வளவு நுட்பமாகப் பிரித்தாலும், இணையச் சந்தையில் அந்த நுட்பம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பிறர் விற்கும் பொருளுக்குத் தளம் பொறுப்பேற்க வேண்டியதில்லை எனத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு கூறுகிறது. அந்தப் பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அதை இழக்க விரும்பாத தளங்கள், உரிமையாளரிடமிருந்து புகார் வந்தால் விற்பனைப் பதிவை நீக்குவதையே எளிய வழியாகக் கொள்கின்றன. அசல் பழைய பொம்மையும் போலிப் பொம்மையும் அப்போது ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன.

விளைவு அத்துடன் நிற்பதில்லை. மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இச்சட்டங்களின் கீழ் நீக்கப்பட்ட பொருள்களை மீண்டும் மீண்டும் விற்பனைக்கு வைப்போரை அடையாளம் காணும் பதிவுகளைத் தளங்கள் பராமரிக்க வேண்டும். அத்தகையோரின் கணக்கை முடக்குவது கட்டாயமில்லை. ஆனால் தளம் விரும்பினால் முடக்கலாம். கணக்கு ஒன்றையே வாழ்வாதாரமாகக் கொண்ட சிறு விற்பனையாளருக்கு இது பேரிழப்பு.

வழக்கு எங்கு நடைபெறும் என்பதும் முக்கியம். டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிறுவனம் மும்பை கடை ஒன்றின் மீது தொடர்ந்த வழக்கில், அந்நிறுவனம் இணையதளம் வழியே டெல்லியில் வணிகம் செய்வதால் அங்கேயே வழக்குத் தொடரலாம் என டெல்லி உயர் நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. இந்த அளவுகோல் பொருந்தினால், பாறசாலையில் கடை வைத்திருப்பவரும் டெல்லி சென்று வழக்காட நேரிடலாம். பொருளின் விலையைவிடப் பயணச் செலவே கூடுதலாகிவிடும்.

தற்காப்பு வழிகள்

அடிப்படையற்ற மிரட்டலுக்கு எதிராக நீதிமன்றத்தை நாட வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 142-ஆவது பிரிவும், பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவும் இடமளிக்கின்றன. எனினும் ஒரு பொம்மைக்காக வழக்குத் தொடுப்போர் அரிது. வாங்கிய ரசீதைப் பாதுகாப்பது, பொருளைச் சொந்தமாகப் படமெடுத்துப் பதிவிடுவது, பழையது, மறு அச்சு, பழுதுபார்த்தது என்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுவது, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவர் என்ற தோற்றத்தைத் தவிர்ப்பது ஆகியவை செலவில்லாத தற்காப்பு.

நெசவாளர்களுக்கு மேலும் ஒரு படி உள்ளது. புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்பதோடு பணி முடிவதில்லை. ஒவ்வொரு நெசவாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தால்தான் போலிகளுக்கு எதிராக உரிமை கோரும் வலு கிடைக்கும். 10 ஆண்டுகள் செல்லுபடியாகும் இப்பதிவை மேற்கொள்ளும் புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னையில்தான் இயங்குகிறது.

பெருநிறுவனங்கள் தங்கள் முத்திரையைக் காக்க எந்தப் புகார் முறையைப் பயன்படுத்துகின்றனவோ, அதே முறையைப் பலராமபுரம் நெசவாளரும் பயன்படுத்த முடியும். விற்பனையாளராகத் தடையாகத் தோன்றும் சட்டம், உரிமையாளராக அவருக்கு அரணாவது அந்தப் பதிவுக்குப் பின்னரே.