ரசீது வாடிக்கையாளர் கைப்பேசியில். பணம் யார் கணக்கில்?

மஸ்ஜித் இந்தியாவில் இன்று பூச்சரம் விற்பவர் மேசையிலும் கியூஆர் அட்டை நிற்கிறது. சனிக்கிழமை இரவுச் சந்தையில் 5 வெள்ளிக்கு வடை வாங்குபவர்கூட சில்லறையைத் தேடுவதில்லை. கைப்பேசியை நீட்டி, “போட்டாச்சு அண்ணே” என்று திரையைக் காட்டுகிறார். கூட்ட நெரிசலில் கடைக்காரரும் தலையாட்டி விடுகிறார். ஏமாற்றுக்காரனுக்கு வேண்டியது அந்த ஒரு நொடிதான்.

அச்சடித்து ஒட்டிய கியூஆர் குறியீட்டில் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற விவரம் மட்டுமே உண்டு. தொகையை வாங்குபவர்தான் தட்டுகிறார். ரசீதும் அவர் திரையில்தான் வருகிறது. பழைய ரசீதின் படத்தைக் காட்டலாம், 50 வெள்ளிக்கு 5 வெள்ளி போடலாம், தொகையைத் திருத்திய படத்தையும் நீட்டலாம். ஆகவே வாடிக்கையாளரின் திரை சாட்சியாகாது. கடைக்காரரின் கணக்கில் பணம் ஏறியதா என்பதே கேள்வி.

இங்கேதான் நம்மவர் கடைகளில் ஒரு சிக்கல். கணக்கு முதலாளியின் பெயரில். அறிவிப்பு முதலாளியின் கைப்பேசிக்கு. அவரோ கிள்ளானில் சரக்கு எடுக்கப் போயிருப்பார். கல்லாவில் நிற்கும் பணியாளர் எதைப் பார்த்துச் சரிபார்ப்பார்? 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த ஐந்து பாதுகாப்பு நடவடிக்கைகளில், இணைய வங்கிச் சேவையை உறுதிப்படுத்த ஒரே கருவி என்பதும் ஒன்று. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலாளியின் வங்கிச் செயலியைக் கடைக் கைப்பேசியிலும் திறந்து வைக்கும் வழி இதனால் அடைபடலாம். சொந்தக் கணக்கின் கியூஆரை விட்டு வணிகர் கணக்குக்கு மாறினால், பணியாளருக்கும் அறிவிப்பு கிடைக்குமா, பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டி உண்டா என்று வங்கியில் கேட்கலாம்.

பலர் மாறத் தயங்குவது கட்டணத்துக்குப் பயந்து. 2023 நவம்பர் முதல் டூயிட்நவ் கியூஆருக்கு வணிகரிடம் கட்டணம் என்ற செய்தி வந்தபோது எழுந்த சலசலப்பு நினைவிருக்கும். எதிர்ப்புக்குப் பின் பல வங்கிகள் சிறு வணிகர்களுக்கு விலக்கு அளித்தன. உங்கள் வங்கியின் இன்றைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

இன்னொரு தந்திரம், கடை அட்டையின் மேல் வேறு கியூஆரை ஒட்டிவிடுவது. காலையில் கடை திறந்ததும் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். பிறகு சொந்தக் கைப்பேசியில் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். பணம் அனுப்புமுன் பெறுநர் பெயர் தெரியும். அது கடைப் பெயர்தானா? இரவில் அட்டையை உள்ளே எடுத்து வைப்பதும் நல்லது.

பணம் வேறு கணக்குக்குப் போயிருந்தால் உடனே வங்கிக்கும் 997க்கும் அழைத்து, போலீஸ் புகார் செய்ய வேண்டும். போலி ரசீது என்றால் பணம் நகரவே இல்லை, முடக்க எதுவும் இருக்காது. அதற்குப் போலீஸ் புகாரும் கண்காணிப்புக் கேமரா பதிவும்தான் கைகொடுக்கும்.