வெள்ள வரைபடத்தில் சேரி எங்கே?

பருவமழை நெருங்கினால் போதும், சென்னையின் வெள்ள அபாய வரைபடங்கள் பேசுபொருளாகிவிடும். நிலமட்டம், மழையளவு, வடிகால், மக்கள் நெருக்கம் என்று எல்லாவற்றையும் அவை கணக்கில் எடுக்கின்றன. சாதியை மட்டும் விட்டுவிடுகின்றன. “தண்ணீருக்குச் சாதி தெரியுமா?” என்று கேட்கிறார்கள். தண்ணீருக்குத் தெரியாதுதான். யாரை எங்கே குடியமர்த்துவது என்று முடிவெடுப்பவர்களுக்குத் தெரியும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அந்த ஆற்றின் குறுக்கேதான் விமான நிலைய ஓடுபாதை கிடக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஐடி வளாகங்களும் குப்பைக் கிடங்கும் ஏற்கெனவே விழுங்கியிருந்தன. வெள்ளம் வடிந்த பிறகு ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று அகற்றப்பட்டவர்களோ ஆற்றங்கரைக் குடிசைவாசிகள். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களை அனுப்பிய பெரும்பாக்கம், அதே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். அங்கும் மழைக்காலத்தில் தண்ணீர் சூழ்கிறது. வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் நகருக்குள்ளேயே நின்றுவிட்டன.

பாதிப்பை மதிப்பிடுவதாகச் சொல்லும் ஆய்வுகள் இதைப் பார்ப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டால், அதற்குப் பிறகு பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் கணக்கிலேயே வராது. காலிசெய்யப்பட்ட ஆற்றங்கரையில் இன்னும் மக்கள் வாழ்வதாகக் காட்டும். இழப்பைச் சொத்து மதிப்பில் அளந்தால், பங்களா வாசலில் மூழ்கிய கார் லட்சங்களில் வரும். குடிசையில் நனைந்த சாதிச் சான்றிதழும் பாடப்புத்தகமும் பூஜ்ஜியம். வடிந்த பிறகு வெளி மாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்டு, அழுகிய குப்பையை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கு எந்தக் குறியீட்டிலும் இடமில்லை.

இது அறியாமையால் வந்த குறையல்ல. வார்டு வாரியாகப் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை அந்த 2011 கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. மக்கள் நெருக்கத்துக்கு அதே ஆவணத்தைப் புரட்டுகிறவர்கள், இந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் போகிறார்கள்.

நமது கோரிக்கைகள் எளியவை. மறுகுடியமர்வுப் பகுதிகளைப் புதிதாகக் கணக்கெடுத்து மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். சாதிவாரித் தரவு அதில் கட்டாயமாக வேண்டும். கரையோர மக்களைக் கலந்துபேசாமல் வரைபடம் எதுவும் இறுதியாகக் கூடாது. வாழ்ந்த இடத்துக்கு அருகிலேயே பாதுகாப்பான வீடு தராமல் ஒரு குடும்பத்தையும் அகற்றக் கூடாது.

ஆற்றங்கரையில் சேரியை ஆபத்து என்று குறித்தவர்கள், அதைச் சதுப்பில் கொண்டுபோய் வைத்த பிறகு குறிப்பதே இல்லை. அந்த வரைபடத்தை நாம் ஏன் நம்ப வேண்டும்?