கண்டுபிடித்தவரே மீறுபவரா?

தான் கண்டுபிடித்ததைத் தானே பயன்படுத்திய ஒருவர் மீது காப்புரிமை மீறல் வழக்குத் தொடர முடியுமா? முடியும் என்பதற்கு, சிப் வடிவமைப்பு மென்பொருள் துறையின் போட்டியாளர்களான மென்டார் கிராபிக்ஸ், சினாப்சிஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் வழக்கே சான்று. சிப் வடிவமைப்பில் புதிய நிறுவனங்கள் உருவாக இந்திய அரசு ஊக்கத்தொகை வழங்கிவரும் இவ்வேளையில், அவ்வழக்கை நாம் திரும்பிப் பார்ப்பது நல்லது.

சிப்பைத் தயாரித்த பிறகு பிழை திருத்துவது பெருஞ்செலவு. எனவே அதன் இயக்கத்தை முன்கூட்டியே 'எமுலேட்டர்' என்ற கருவியில் சோதிக்கிறார்கள். அங்கு தென்படும் கோளாறு, பொறியாளர் எழுதிய நிரலின் எந்தப் பகுதியிலிருந்து எழுந்தது என்று கண்டறிய உதவும் முறைக்கு மென்டார் காப்புரிமை பெற்றிருந்தது. அதைக் கண்டுபிடித்த இரு பொறியாளர்கள், உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பின்னர் வெளியேறி 'ஈவ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர்.

2006-இல் ஈவ் மீது மென்டார் வழக்குத் தொடர்ந்தது. சமரசம் ஏற்பட்டு, ஈவுக்கு உரிமம் கிடைத்தது. ஆனால், எமுலேட்டர் துறையைச் சேர்ந்த வேறொரு நிறுவனம் ஈவை வாங்கினால் அந்த உரிமம் முடிவுக்கு வரும் என்பது நிபந்தனை. 2012-இல் சினாப்சிஸ் ஈவை வாங்கியது. வழக்கு மீண்டும் மூண்டது. 2014-இல் ஓரிகன் மாநில நடுவர் குழு சுமார் 3.64 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அந்தக் காப்புரிமையே செல்லாது என்று நீதிமன்றத்தில் வாதிட சினாப்சிஸுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. உரிமையை எழுதிக்கொடுத்தவரும் அவரைச் சார்ந்தவர்களும் பின்னாளில் அதன் செல்லுபடியை மறுக்கலாகாது என்ற கோட்பாடே காரணம். விலையைப் பெற்றுக்கொண்டு, விற்ற பொருள் மதிப்பற்றது என்று சொல்வது நேர்மையன்று என்ற வாதத்தில் நியாயம் உண்டு.

ஆனால், பணியில் சேரும் நாளில் கையெழுத்திடும் ஊழியர், சந்தையில் பேரம் பேசும் விற்பனையாளர் அல்லர். மேலும், தகுதியற்ற காப்புரிமையின் சுமையை இறுதியில் நுகர்வோரே சுமக்கிறார்கள். அதன் குறையை அறிய வல்லவர் கண்டுபிடித்தவரே. அவரது வாயை அடைப்பது பொதுநலனுக்கு உகந்ததன்று. இதே இரு நிறுவனங்களிடையே நடந்த மற்றொரு வழக்கில், சினாப்சிஸின் சில காப்புரிமைகள் வெறும் மனக்கணக்கு போன்ற கருத்துகளே என்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் தள்ளிவிட்டது. அங்கு மென்டாருக்குத் திறந்திருந்த கதவு, இங்கு சினாப்சிஸுக்கு மூடப்பட்டது.

உரிம நிபந்தனையும் கவனத்துக்குரியது. இத்துறையில் பெரிய நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சிறு நிறுவனத்தை வாங்கக்கூடியவர் பெரும்பாலும் போட்டியாளரே. அவருக்கு விற்றால் உரிமம் போய்விடும் என்றால், அந்தச் சிறு நிறுவனத்தின் சந்தை மதிப்பு அன்றே சரிந்துவிடுகிறது. ஒப்பந்தத்தின் ஒற்றை வரி, போட்டியின் எல்லையையே வரைந்துவிடுகிறது.

மென்டாரை சீமென்ஸ் வாங்கிய பிறகு, 2018-இல் சினாப்சிஸ் 6.5 கோடி டாலர் செலுத்த, வழக்குகள் சமரசமாயின. 2021-இல் வேறொரு வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், இக்கோட்பாட்டைத் தக்கவைத்தது. ஆனால் எல்லை வகுத்தது. இனிமேல் கண்டுபிடிக்கப்போவதை முன்கூட்டியே எழுதிக்கொடுத்த ஊழியரை இது கட்டுப்படுத்தாது என்று எடுத்துக்காட்டியது. அந்தத் திருத்தம் சரியான திசையில் எடுத்துவைத்த அடி என்பது என் கருத்து.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைப் பொதுவாகச் செல்லாதவையாக்குகிறது. ஆனால், பணி ஒப்பந்தத்தின் காப்புரிமைப் பத்தி, அந்தத் தடையை வேறு வடிவில் கொண்டுவந்துவிடக்கூடும். நம் பொறியியல் கல்லூரிகள் சிப் வடிவமைப்பைக் கற்பிக்கின்றன. கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் படிக்கவும் கற்பிக்க வேண்டும். உரிமத்தின் முடிவு நிபந்தனைகளைப் புதிய நிறுவனங்கள் முதல் நாளிலேயே ஆராய வேண்டும். கண்டுபிடிப்பு நிறுவனத்துக்குச் சொந்தமாகலாம். கண்டுபிடித்தவரின் எதிர்காலம் அதற்குச் சொந்தமாகிவிடக் கூடாது.