பட்டினப்பாக்கம் மீன் வியாபாரிகள்: கடை கிடைத்தது, கரை யாருக்கு?

பட்டினப்பாக்கம் லூப் சாலை மீன் கடை விவகாரம் 2023 ஏப்ரலில் வெடித்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஐகோர்ட்டு தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி பொக்லைனோடு வந்து கடைகளை அகற்றியது. ஏரியாவே கொதித்தது. மீனவர்கள் மறியலில் குதித்தனர்.

குப்பத்து சபைகளும் மீனவர் சங்கங்களும் வைத்த வாதம் ஒன்றுதான். நாங்க ரோட்டுக்கு வரல, ரோடுதான் எங்க கரைக்கு வந்துச்சு. இதை வெறும் கோபம்னு தள்ள முடியாது. கட்டுமரம் இழுத்து, வலை காயவைத்து, மீன் விற்ற கரை அது. 1985-ல் மெரினாவில் படகுகளை அப்புறப்படுத்தும் விவகாரத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் உயிரிழந்ததை குப்பம் மறக்கவில்லை.

2024 ஆகஸ்டில் முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் 366 கடைகளுடன் நவீன மீன் அங்காடியைத் திறந்துவைத்தார். செலவு சுமார் 15 கோடி ரூபாய். சங்கங்களுக்கு வெற்றிதான், ஆனா பாதி வெற்றி. ரோட்டோரம் பைக்கை நிறுத்தி, ஒரு காலை ஊனிக்கிட்டே சங்கரா வாங்கிட்டுப் போறவர் வண்டியை விட்டு இறங்கி உள்ளே நடப்பாரா? பாதி வியாபாரம் அவரை நம்பித்தான்.

கரை யாருக்கு என்பது இன்னும் தீராத கேள்வி. மீனவர் கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் கடலோர வரைபடத்தில் குறிக்கணும்னு மத்திய அரசின் அறிவிப்பு 2011-லேயே சொல்லிவிட்டது. அடுத்த ரோடு திட்டம் வரும்போது சங்கத்தின் கையில் இருக்க வேண்டியது அந்த வரைபடம்தான்.